நம் பிள்ளைக்கு நல்ல பள்ளி. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு?

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு சென்னையில் எல்.கே.ஜி. பேச்சு ஆரம்பித்துவிடும். குழந்தைக்கு இன்னும் மூன்று வயதுகூட நிறைந்திருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் "எந்த ஸ்கூலுக்கு ஃபார்ம் போட்டீங்க?" என்று யாராவது கேட்பார்கள். ராத்திரிக்குள் பதில்கள் குவிந்துவிடும். சி.பி.எஸ்.இ.யா, ஸ்டேட் போர்டா, லட்சங்களில் கட்டணம் கேட்கும் இன்டர்நேஷனலா? வேன் நம்ம ஏரியாவுக்கு வருமா? டொனேஷன் உண்டா? எம்.எல்.ஏ. சிபாரிசு எடுபடுமா? வேளச்சேரியில் இருப்பவர் அடையாறு பள்ளிக்கும் கே.கே. நகர் பள்ளிக்கும் ஒரே நாளில் ஓடுகிறார். ஒரு காலத்தில் விண்ணப்பம் வாங்க நடுநிசியிலேயே பள்ளி வாசலில் வரிசை நின்றது. இன்று அந்த வரிசை ஆன்லைனுக்குப் போயிருக்கிறது. பதற்றம் அப்படியேதான் இருக்கிறது.

பேர் பெற்ற தனியார் பள்ளிகள் பலவற்றின் விண்ணப்பப் படிவத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். குழந்தையைப் பற்றிக் கேட்பது மேலே சில வரிகள்தான்: பெயர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, போட்ட தடுப்பூசிகள். அதற்குக் கீழே அப்பாவின் பட்டம், அவர் படித்த கல்லூரி, வேலை, பதவி, ஆண்டு வருமானம், அம்மா வேலைக்குப் போகிறாரா, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கட்டம் கட்டமாக இறங்கிக்கொண்டே போகும். அதன்பிறகு 'இன்டராக்‌ஷன்' என்ற பெயரில் ஒரு சந்திப்பு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் நன்கொடை வசூலையும், குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வையும் தடை செய்கிறது. வடிகட்டும் தேர்வு நடத்தினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறல் ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். அப்படியிருந்தும், நகரத்தில் யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டால், பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

எது நல்ல பள்ளி என்ற கேள்விக்கு ஊரெல்லாம் ஆலோசனை கிடைக்கிறது. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. காசு இருக்கிறது என்பதால் தன் பிள்ளைக்கு மட்டும் நல்ல தொடக்கத்தை வாங்கிக் கொடுக்கப் பெற்றோருக்கு அறப்படி உரிமை உண்டா? உண்டு என்றால் அது எதுவரைக்கும்?

இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு இருக்கும். பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் மிகக் கடுமையான பதிலைச் சொன்னார். நாட்டைக் காக்கும் வகுப்பாரின் குழந்தைகள் பொதுவில் வளரவேண்டும், எது தன் பிள்ளை என்று பெற்றோருக்கே தெரியக்கூடாது என்றார். தன் பிள்ளை என்று ஒன்று இருக்கும்வரை நியாயம் சாய்ந்துதான் நிற்கும் என்பது அவர் கணக்கு. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலே இதை மறுத்தார்: எல்லாருக்கும் சொந்தமான குழந்தையை யாரும் கவனிக்கமாட்டார்கள், அன்பு நீர்த்துப்போகும். பெற்ற வயிறுகள் அரிஸ்டாட்டில் பக்கம்தான் இருக்கும். ஆனால் பிளேட்டோ கிளப்பிய சங்கடம் அதோடு தீர்ந்துவிடவில்லை. 1971-இல் 'நீதிக்கான ஒரு கோட்பாடு' எழுதிய அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ், குடும்பம் என்ற அமைப்பு இருக்கும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் முழுச் சம வாய்ப்பு அமைவது கடினம் என்று ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்திலிருந்து விவாதத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தவர் ஆங்கிலேய அரசியல் மெய்யியலாளர் ஆடம் ஸ்விஃப்ட். பள்ளித் தேர்வில் மனம் குழம்பும் பெற்றோருக்கென்றே 2003-இல் ஒரு புத்தகம் எழுதினார். பின்னர் ஹாரி பிரிக்ஹவுஸோடு சேர்ந்து 2014-இல் எழுதிய நூலில் அவர்கள் வைக்கும் உரைகல் எளிமையானது. ராத்திரி குழந்தையை மடியில் போட்டுக் கதை சொல்கிறோம். அதனாலும் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைவிட முன்னேறத்தான் செய்யும். அதற்காகக் கதை சொல்வதை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது, ஏனென்றால் பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவே அப்படிப்பட்ட பொழுதுகளால் ஆனது. உயர்கட்டணப் பள்ளியில் இடம் வாங்குவது அந்த வகையில் சேராது. அது இல்லாமலும் அன்பு முழுமையாக இருக்கும். அதே ஸ்விஃப்ட் இன்னொன்றும் சொல்கிறார். பக்கத்திலுள்ள பொதுப் பள்ளி குழந்தைக்குத் தேவையான அளவுக்குக்கூட நன்றாக இல்லையென்றால், தனியார் பள்ளியை நாடும் பெற்றோரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த 'தேவையான அளவு' என்ற கோடுதான் முக்கியம். கோட்டுக்குக் கீழே இருந்து பிள்ளையை மேலே தூக்குவது கடமை. கோட்டுக்கு மேலே இருந்துகொண்டு மற்றவர்களை முந்த விலை கொடுப்பது வேறு காரியம்.

நம் வள்ளுவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். மக்கட்பேறு அதிகாரத்தின் 67-ஆம் குறள் மகனைக் கற்றோர் சபையில் முன்வரிசைக்குக் கொண்டுவருவதைத் தந்தையின் கடமையாகச் சொல்கிறது. பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் அடிக்கடி கேட்கும் குறள் அது. அடுத்த 68-ஆம் குறளை மேடையில் அவ்வளவாகக் கேட்பதில்லை. பிள்ளைகளின் அறிவு பெற்றவர்களைவிட உலகத்து உயிர்களுக்கெல்லாம் அதிக இன்பம் தருவது என்கிறது அது. முன்வரிசை என்பது சிலருக்கு மட்டும் கிடைப்பது. உலகத்துக்கு இனிதான அறிவோ எத்தனை பேரிடம் இருந்தாலும் தீராது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பிள்ளையை முன்னே கொண்டுபோவது எதற்காக என்ற நோக்கம் தெரிகிறது. அப்பாவின் கடமை ஊரிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடுப்பதில் முடிவதில்லை.

சென்னைப் பெற்றோர் வாங்குவதில் பெரும்பகுதி அந்த முன்வரிசைதான். பொருளாதார அறிஞர் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976-இல் இதைப் பற்றி எழுதினார். சில பொருள்களின் மதிப்பு அவை பிறரிடம் இல்லாததால் மட்டுமே வருகிறது. மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாக் கூட்டத்தில் முன்னால் நிற்பவர் எக்கி நின்றால் பின்னால் இருப்பவரும் எக்கவேண்டும். கடைசியில் எல்லாருக்கும் கால்வலி, யாருக்கும் கூடுதலாகத் தெரிவதில்லை. தமிழ்நாட்டுக் கல்வி வரலாறு இதற்குச் சாட்சி. ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்கச் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்தச் சொன்னது. எல்லாரும் ஒரே பாடம் படிக்கும் நிலை வந்ததும் பல தனியார் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின, பெற்றோரும் பின்னாலேயே போனார்கள். பாடம் கெட்டுப்போனது என்று சொன்னவர்கள் உண்டு. அடுத்த தெருப் பிள்ளையும் அதே புத்தகத்தைப் படிப்பதுதான் பலருக்கு உறுத்தியது என்று நினைக்க நிறைய இடமிருக்கிறது.

இன்னொரு பக்கம் நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகள். பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்து மதிப்பெண் எடுக்கவைத்த பள்ளிகளை மக்களே 'பிராய்லர் ஸ்கூல்' என்று பெயரிட்டு அழைத்தார்கள். அந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போட அரசு 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2018-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. ஓட்டம் நீட் பயிற்சிக்குத் திரும்பியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-இல் சட்டமாகவே கொண்டுவர வேண்டியிருந்தது. எக்கி நிற்க வசதியில்லாதவருக்குச் சட்டம் ஒரு பலகை போட்டுக் கொடுத்தது.

சரி, ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்கு நல்லதைப் பார்த்தால் போட்டியில் எல்லாப் பள்ளிகளும் தாமாகவே மேம்படாதா? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் இதற்கு நைஜீரியாவின் ரயிலில் விடை கண்டார். வடக்கே விளைந்த நிலக்கடலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர அங்கே ரயில் இருந்தது. லாரிகள் போட்டிக்கு வந்தன. ரயில் திருந்தியிருக்க வேண்டும், மேலும் கெட்டது. காரணம், சேவை சரியில்லை என்று சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் வாயில்லாதவர்கள். 1970-இல் வந்த தன் நூலில் ஹிர்ஷ்மன் இதைப் பொதுப் பள்ளிகளுக்கும் பொருத்திக் காட்டினார். தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படும் பெற்றோரே முதலில் வெளியேறுகிறார்கள். கேள்வி கேட்கும் குரலும் அவர்களோடு போய்விடுகிறது.

நம் தெருக்களில் நடந்ததும் இதுதான். தாசில்தார் மகனும் தபால்காரர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பள்ளியில் கூரை ஒழுகினால் தாசில்தாருக்கும் செய்தி போனது. இன்று அந்தப் பள்ளியில் கூரை ஒழுகினால் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்குத்தான் தெரியும். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரிடம் போய்ச் சொல்வார்? 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி ஆணையம் இதை முன்கூட்டியே பார்த்தது. வசிக்கும் பகுதியிலுள்ள எல்லாக் குழந்தைகளும் சாதி, வருமானம் பாராமல் அருகிலுள்ள ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப்பள்ளி முறையை அது பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்றுவரை முழுமையாகச் செயலுக்கு வரவில்லை.

அப்படியானால் கொள்கைக்காகத் தன் பிள்ளையையே பணயம் வைக்கலாமா? வைத்துப் பார்த்த ஒரு தந்தை உண்டு. 1897 ஜனவரியில் டர்பனில் வந்து இறங்கிய பாரிஸ்டர் காந்தியோடு ஒன்பது வயது ஹரிலால், ஐந்து வயது மணிலால், பத்து வயதில் அக்கா மகன் ஒருவன் என்று மூன்று சிறுவர்கள் இருந்தார்கள். ஐரோப்பியக் குழந்தைகளின் பள்ளியில் சலுகையாக இடம் வாங்கியிருக்க முடியும். வேறு எந்த இந்தியக் குழந்தைக்கும் அங்கே இடமில்லை என்பதால் தன் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்றார். மாதம் 7 பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கிலேய ஆசிரியை சில காலம் வீட்டுக்கு வந்தார். மீதி நேரம் தானே சொல்லிக்கொடுக்கப் பார்த்தார், பொதுவேலைகளுக்கு நடுவே நேரம் போதவில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்காத கல்வியைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கித் தந்திருந்தால், சுதந்திரத்தையும் சுயமரியாதையையும் கண்ணால் கண்டு கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அவர்கள் இழந்திருப்பார்கள் என்று சத்திய சோதனையில் வாதிடுகிறார். மூத்த மகன் தன் மனக்குறையைத் தன்னிடமும் பத்திரிகைகளிலும் கொட்டியதையும் அதே அத்தியாயத்தில் மறைக்காமல் எழுதுகிறார். பள்ளிப் படிப்புக்கு ஏங்கிய ஹரிலால் 1911-இல் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியா வந்தார். பிற்கால வாழ்க்கை அவருக்குக் கடைசிவரை நிலைகொள்ளவில்லை.

காந்தி கேட்ட கேள்வி சரியானது. ஆனால் பதிலின் விலையைக் கொடுத்தவன் ஒன்பது வயதுப் பையன்; அவனை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அறத்துக்கான செலவைப் பெற்றவர் தன் கணக்கில்தான் எழுதவேண்டும், பிள்ளையின் கணக்கில் எழுதக்கூடாது.

பெற்றவர் செலவிலேயே செய்துகாட்டியவர்களும் இருக்கிறார்கள். 2011 ஜூனில் ஈரோடு மாவட்ட ஆட்சியர் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். தமிழ்நாடு முழுக்கச் செய்தியானது. பள்ளிக் கழிப்பறையின் நிலைமையைப் பற்றி அந்த ஆட்சியருக்குக் கோப்பு வரவேண்டிய அவசியமில்லை. சாயங்காலம் மகளே வந்து சொல்லிவிடுவாள். குரல் இருப்பவர் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டாம். 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதே காரணத்துக்காக, அரசு ஊழியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் நீதித்துறையினரும் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யவேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அறம் நெடுநாள் நிற்காது என்பதும் உண்மைதான். ஐ.நா.வின் 1948 மனித உரிமைப் பிரகடனமே 26-ஆம் பிரிவில், எந்தவகைக் கல்வி என்று தீர்மானிக்கும் முன்னுரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது.

மதத்தின் பெயரால் நடக்கும் பள்ளிகளுக்கு, அடுத்தவர் பிள்ளையைப் பற்றிய இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. சென்னையின் பழைய பள்ளிகள் பலவும் அடுத்தவர் பிள்ளைக்காகத் தொடங்கியவை. இன்றைய செயின்ட் ஜார்ஜ் பள்ளி 1715-இல் கோட்டைக்குள் ஏழைக் குழந்தைகளுக்கான தருமப் பள்ளியாகப் பிறந்தது. பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறு பக்கத்தில், ஊர் ஒதுக்கிவைத்த சேரிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பால விதவையாக நின்று பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தன்னைப்போல வீட்டு மூலையில் முடக்கப்பட்ட சிறுமிகளை எழுத்துப் படிக்க அழைத்து வந்தார். அவர் தொடங்கிய சாரதா வித்யாலயம் பின்னர் ராமகிருஷ்ண மிஷனிடம் வந்தது. கிறிஸ்தவம், பிரம்மஞானம், வேதாந்தம் என்று வழி வேறு வேறாக இருந்தாலும், கதவைத் தட்ட முடியாத குழந்தையை உள்ளே அழைப்பதே இறைப்பணி என்பதில் மூவரும் ஒன்று.

கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. கட்டணத்தை அரசு திருப்பித் தரும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2014-இல் வேறொரு தீர்ப்பு, அரசமைப்பின் 30-ஆம் பிரிவைக் காட்டிச் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. மதச் சிறுபான்மை மட்டுமின்றி மொழிச் சிறுபான்மை அறக்கட்டளைகளின் பள்ளிகளும் சென்னையில் நிறைய. ஒரு சமூகம் தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை பெரியது. அதில் கை வைக்கக்கூடாது. ஆனால் சட்டம் விலக்கு கொடுத்ததாலேயே வேதம் விலக்கு கொடுத்துவிடுமா? தனியாக வழிபாட்டுக் கூடமும் காலைப் பிரார்த்தனையும் வைத்திருக்கும் பள்ளி, வாசலில் இஸ்திரி போடுபவரின் குழந்தையைத் தானாகவே அழைத்து உட்கார வைத்தால் எந்தச் சட்டமும் தடுக்காது. அப்படிச் செய்யும் நிறுவனங்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகும் பெற்றோர் கூடினால் எண்ணிக்கையும் கூடும்.

பள்ளி தேடும் பெற்றோர் முதலில் பார்க்கவேண்டியதைப் பலர் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் நெருக்கி நடத்தப்பட்ட பள்ளியில் சமையல் தீ கீற்றுக் கூரையைப் பற்றியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அவர்களில் பலருடைய பெற்றோர் 'இங்கிலீஷ் மீடியம்' என்ற பலகையை நம்பி வந்த சாதாரண மக்கள். 2012-இல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. ஆகவே ரிசல்ட் பேனரைப் படிப்பதற்கு முன் மாடிப்படியின் அகலத்தைப் பாருங்கள். வேனின் அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள். கழிப்பறைக்குள் போய், குழாயில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் போடமுடிகிறதா என்று பாருங்கள். வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக அங்கேயே இருக்கிறார்கள், பாடம் வராத பிள்ளையை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். இவையெல்லாம் 'தேவையான அளவு' என்ற கோட்டைச் சேர்ந்தவை. இதில் எந்தப் பெற்றோரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நடந்து போகும் தூரத்திலேயே இது கிடைக்கிறதென்றால், பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய பெயருக்காக நான்கு வயதுக் குழந்தையை விடியற்காலையில் எழுப்பி வேனில் ஏற்றுவதற்கு நியாயம் குறைவு.

பள்ளி முதல்வரைச் சந்திக்கும்போது இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 சதவீத இடத்தில் வந்த குழந்தைகள் எந்த வகுப்பில், யாரோடு உட்காருகிறார்கள்? புத்தகத்துக்கும் சீருடைக்கும் சுற்றுலாவுக்கும் அவர்களிடம் தனியாகப் பணம் கேட்கிறீர்களா? கட்டணம் கட்டும் பெற்றோர் கேட்டால் பள்ளி பதில் சொல்லியாகவேண்டும். இலவச இடத்தில் வந்த பெற்றோருக்கு அந்தத் தைரியம் வருவதில்லை.

உங்கள் தெரு மாநகராட்சிப் பள்ளியைவிட்டு உங்கள் பிள்ளை வெளியே போயிருக்கலாம். நீங்கள் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்கள் எழுதும் மனுவுக்கு ஒரு வக்கீலோ பொறியாளரோ பக்கத்தில் உட்கார்ந்து உதவினால் அந்தக் குரல் மண்டல அலுவலகம்வரை போகும். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு மூன்று வயதுப் பேரனோ மகளோ இருந்தால், இலவச இடத்துக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை நீங்களே போட்டுக் கொடுங்கள். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் அது திறக்கும். 2025-இல் மத்திய நிதிச் சிக்கலால் அக்டோபர்வரை தள்ளிப்போனது, ஆகவே அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். வருமான அடிப்படையில் விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்கவேண்டும், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கவேண்டும். பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முகவரிச் சான்று, குழந்தையின் புகைப்படம் ஆகியவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கைக்கு வரச் சில நாள் பிடிக்கும்.